கணனிக் காப்பும் மனித மறதியும்

கணனியிலே எழுதிய ஆய்வேடு அழிந்துபோயிற்று என்று ஒரு மாணவன் கூறும்போது, கேட்போர் அனைவரும் ஒரே தீர்ப்பையே வழங்குகின்றனர்: "நீ பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும்." விரிவுரையாளரும் அதனையே கூறுவர், கணனி திருத்துபவரும் அதனையே கூறுவர், உடன் பயில்வோரும், தமது மடிக்கணனியில் உள்ளதற்கும் பிரதி இல்லை என்பதை அக்கணத்திலே மறந்து, அதனையே கூறுவர். அழிவுக்குக் காரணம் அவதானமின்மை. அவதானமின்மைக்கு உரியவன் மாணவன். ஆகவே நட்டமும் அவனுடையதே. இத்தீர்ப்பு எளிமையானது, தீர்ப்பு வழங்குவோர் எல்லாருக்கும் வசதியானது. அது நீதியானதா என்பதை ஆராய்ந்தோர் மிகச் சிலரே.

இக்கட்டுரை அத்தீர்ப்பை மறுக்கின்றது. மனிதனின் ஞாபகத்தை நம்பி அமைக்கப்பட்ட காப்பு காப்பாகாது. கணனி ஒவ்வொரு முறையும் இயங்கத் தொடங்கும்போது, எவரும் கேளாமலே, தன் கோப்புகளின் அன்றைய நிலையைத் தானே பதிந்துகொள்ளுதல் வேண்டும். அதற்கான நுட்பம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகிலே வழக்கிலுள்ளது. பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றது. அவ்வாறிருந்தும் மாணவரின் கணனிகளிலே அது இயங்காது கிடக்குமாயின், அழிவுக்கான பொறுப்பிலே பெரும்பங்கு அதனை அவ்வாறு விட்டுவைத்தோருக்கும், கண்டும் வாளாவிருந்தோருக்கும் உரியதாகும்.

முதலில் அழிவு எவ்வாறு நேர்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். களனியிலே கலைப்பாடங்களைப் பயிலும் தமிழ் மாணவருட் பலர் வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டிலே, அல்லது மூவர் நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையிலே தங்கிப் படிப்போர் அவருள் உளர். அத்தகையோரின் மடிக்கணனி பெரும்பாலும் இன்னொருவர் பாவித்துக் கைவிட்டதாகவே இருக்கும். அதன் மின்கலம் பழுதடைந்து, சுவரிலுள்ள மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடுவதாகவும் இருக்கும். இத்தகைய கணனியிலே இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டை எழுதுகின்றாள் எனக் கொள்வோம். தன் ஊரிலே முதியோரிடம் கேட்டுப் பதிவுசெய்த ஒப்பாரிப் பாடல்களும் அதிலேயே உள்ளன. கணனி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வேளையிலே மின்சாரம் தடைப்படுகின்றது. புதுப்பிப்பு அரைகுறையாக நிற்கின்றது. மின்சாரம் மீண்டபின் கணனியை முடுக்கினால் திரை கறுத்துக் கிடக்கின்றது. திருத்தக் கொண்டுசென்ற இடத்திலே, "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடவேண்டும்" என்கின்றனர். சமர்ப்பிக்கும் நாள் நெருங்குகின்றது. வேறு வழியறியாது அவளும் உடன்படுகின்றாள். ஆய்வேட்டை ஒருவாறு மீண்டும் எழுதலாம். பாடிய பாட்டி இதற்கிடையில் இறந்துபோயிருப்பின், அப்பாடல்களை எவரிடம் கேட்பது?

இந்த நிலைமை மிகைப்படுத்திக் கூறப்பட்டதன்று. 2022 மார்ச் இறுதியிலே இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 17, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களிலே நாடெங்கும் மின்சாரம் அற்றுப்போயிற்று. இவற்றுள் இறுதியாகக் கூறியதற்குப் பாணந்துறை உபமின் நிலையத்திலே புகுந்த குரங்கு ஒன்றே காரணம் எனக் கூறப்பட்டது. குரங்கின் செயலுக்கு மாணவியைப் பொறுப்பாளியாக்குதல் எவ்வகையில் நியாயம்? மின்சாரம் நிற்கும் என்பது இந்நாட்டிலே எல்லாரும் அறிந்த உண்மை. அறிந்த உண்மைக்கு ஏற்பக் கருவியை அமைத்துக் கொடாது விட்டு, அழிவு நேர்ந்தபின் அவதானம் பற்றி உபதேசிப்பது அறிவுடைமையாகாது.

இனி, பரிகாரம் யாது என்பதைக் காண்போம். வன்தட்டிலே எந்தக் கோப்பு எங்கே கிடக்கின்றது என்பதை அறிந்து ஒழுங்குபடுத்தும் ஏற்பாட்டைக் கோப்பு முறைமை என்பர். அம்முறைமையின் ஒரு கணத்து நிலையை அப்படியே நிறுத்திவைப்பதைக் கணனித்துறையினர் ஸ்னப்ஷொட் என வழங்குகின்றனர். தமிழிலே கணநிலைப் பதிவு எனலாம். இது கோப்புகளை எல்லாம் இன்னோரிடத்திலே பெயர்த்து எழுதுவதன்று. புறக்கோட்டையிலே மொத்த வியாபாரக் கடைக் கணக்கப்பிள்ளையின் பேரேட்டை நினைத்துப் பார்த்தால் இதன் இயல்பு விளங்கும். அவர் பிழையான பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை. பழையதை அப்படியே விட்டு, புதியதைப் புதிய வரியிலே எழுதுவார். எனவே சென்ற மாதம் கணக்கு எவ்வாறிருந்தது என்று முதலாளி கேட்டால், ஏட்டைத் திருப்பிக் காட்டலாம். சில கோப்பு முறைமைகளும் அவ்வாறே இயங்குகின்றன. மாற்றப்பட்ட பகுதியை வேறிடத்திலே எழுதி, பழைய பகுதியை இருந்த இடத்திலேயே விடுகின்றன. கணநிலைப் பதிவு எடுப்பது என்பது, பழைய பகுதிகள் எவை என்பதைக் காட்டும் குறிப்பை அழியவிடாது பேணுவதே. ஆதலின் அது சில விநாடிகளில் முடிகின்றது. எடுத்த பொழுதிலே ஏறத்தாழ இடமே கொள்வதில்லை. பின்னர் கோப்புகள் மாறமாற, மாறிய அளவுக்கே இடம் பிடிக்கின்றது.

இந்நுட்பத்தின் வரலாறும் அறியத்தக்கது. சண் மைக்றோசிஸ்ரம்ஸ் நிறுவனம் இசட்எவ்எஸ் என்னும் கோப்பு முறைமையை 2005 ஆம் ஆண்டிலே வெளிப்படுத்தியது. ஒராக்கிள் நிறுவனத்திலே 2007 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட பிரிஎவ்எஸ், 2009 ஆம் ஆண்டிலே லினக்ஸ் கருவுடன் சேர்க்கப்பட்டது. இரண்டிலும் கணநிலைப் பதிவு இயல்பாகவே அமைந்துள்ளது. 2014 ஆம் ஆண்டிலே வெளிவந்த சூசே நிறுவனத்தின் லினக்ஸ் பதிப்பு, மென்பொருளைப் புதுப்பிக்குமுன் ஒரு பதிவும் புதுப்பித்தபின் ஒரு பதிவும் தானே எடுத்துக்கொண்டது. புதுப்பிப்புப் பிழைத்துக் கணனி எழாதுபோயின், தொடக்கப் பட்டியலிலிருந்து பழைய பதிவொன்றைத் தெரிந்து அதிலிருந்தே எழச் செய்யலாம். லினக்ஸ் மின்ற் பதிப்புடன் கிடைக்கும் ரைம்ஷிவ்ற் என்னும் மென்பொருள், கணனி தொடங்குந்தோறும் ஒரு பதிவு எடுக்குமாறு ஒரே தெரிவால் அமைக்கத்தக்கது. மைக்றோசொவ்ற் நிறுவனமும் பின்தங்கியிருக்கவில்லை. விண்டோஸ் இயங்குதளத்தைப் பழைய நிலைக்கு மீட்கும் வசதி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எம்ஈ பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆயின் பின்வந்த விண்டோஸ் 10 முதலிய பதிப்புகளை ஏற்றிய கணனிகள் பலவற்றிலே அவ்வசதி அணைந்தே கிடப்பதைக் காணலாம். வீட்டுக்குப் பூட்டுப் பூட்டிக் கொடுத்து, சாவியைக் கொடாது விடுவதற்கு ஒப்பானது இது.

பதிவை எப்பொழுது எடுப்பது என்னும் வினா முக்கியமானது. நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்கு எடுக்குமாறு அமைப்பது பெரிய நிறுவனங்களின் வழக்கம். அவற்றின் கணனிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. மாணவரின் கணனியோ இரவிலே மூடிக் கிடப்பது. மூடிக் கிடக்கும் கணனியிலே இரண்டு மணி அடிப்பதேயில்லை. அதனால் கடிகாரத்தை நம்பிய ஏற்பாடு அங்கே பெயரளவிலேயே நிற்கும். எந்தக் கணனிக்கும் தவறாது நிகழும் நிகழ்ச்சி ஒன்றே உண்டு, அது தொடங்குதல். மின்சாரம் நின்று வந்தாலும், அறை மாறினாலும், விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுசென்றாலும், வேலை நடைபெற வேண்டுமாயின் கணனி தொடங்கியே ஆகவேண்டும். அன்றியும், தொடங்கி எழுந்த கணனி தன் நலத்தை அத்தொடக்கத்தினாலேயே ஓரளவு நிரூபித்துவிடுகின்றது. அன்றைய வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. கோப்புகள் அமைதியாக உள்ளன. கடை திறப்பவர் விளக்கேற்றியபின்னரே வியாபாரத்தைத் தொடங்குவது போல, பதிவு எடுத்தபின்னரே வேலை தொடங்குதல் பொருத்தமானது.

இதற்கும் சில விதிகள் உண்டு. ஒரே பதிவை வைத்துக்கொண்டு அதன்மீதே மறுநாட் பதிவை ஏற்றுதல் ஆபத்தானது. நேற்று அறியாமல் அழிக்கப்பட்ட அத்தியாயம், இன்று காலைப் பதிவிலும் இருக்கமாட்டாது. ஆதலின் நாட்பதிவுகள் சிலவும், வாரப்பதிவுகள் சிலவும், மாதப்பதிவு ஒன்றிரண்டும் எஞ்சுமாறு வைத்து, மிகப் பழையவற்றை முறையாகக் கழித்தல் வேண்டும். மாதக்கணக்காக நிறுத்தாது இயங்கும் கணனிகளுக்குத் தொடக்கப் பதிவு மட்டும் போதாது. அவற்றுக்கு மணிக்கணக்கிலே பதிவு வேண்டும். இவையெல்லாம் ஒருமுறை அமைத்தபின் தாமே நடப்பவை.

இங்கு ஓர் உண்மையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. இன்று கிடைக்கும் ஏற்பாடுகளிற் பல, காக்கவேண்டியதை விட்டுக் காக்கவேண்டாததைக் காக்கின்றன. விண்டோஸின் மீட்பு வசதி இயங்குதளத்தின் கோப்புகளை மீட்கும். மாணவியின் ஆய்வேட்டைத் தீண்டாது. ரைம்ஷிவ்ற் மென்பொருளும், வேறாகக் கூறினாலன்றி, பயனரின் சொந்தக் கோப்புகள் கிடக்கும் பகுதியைப் பதிவிலே சேர்ப்பதில்லை. அழிந்த இயங்குதளத்தை இணையத்திலிருந்தோ ஓர் இறுவட்டிலிருந்தோ மீண்டும் ஏற்றலாம். உலகிலே அதன் பிரதிகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒப்பாரிப் பாடலின் பதிவு உலகிலேயே ஒன்றுதான் உண்டு. கோடிப் பிரதிகள் உள்ளதற்குக் காவலும், ஒரே பிரதி உள்ளதற்குக் கைவிரிப்பும் வழங்கும் ஏற்பாட்டை என்னென்பது? இயங்குதளத்தைப் பின்னோக்கி மீட்கும்போது நேற்று எழுதிய கடிதமும் மறைந்துவிடலாகாது என்பதற்காகவே அவ்வாறு அமைத்தோம் என்பர் வடிவமைப்போர். அக்காரணம் உண்மையே. ஆயின் அதிலிருந்து பெறப்படும் முடிவு, இரண்டையும் தனித்தனியே பதிந்து தனித்தனியே மீட்க வழிசெய்ய வேண்டும் என்பதாகும். மேற்கூறிய கோப்பு முறைமைகள் அதற்கு இடமளிக்கின்றன. சொந்தக் கோப்புகளை அறவே விட்டுவிடுவதற்கு அக்காரணம் போதாது.

அவதானமாயிருத்தலே தீர்வு என்போர், அவதானத்துக்கென்றே ஊதியம் பெறுவோரின் கதையைக் கேட்டல் நன்று. 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. தொடர்பிலிருந்த காப்புப்பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள காலத்துக்குத் தொடர்பறுத்து வைக்கப்பட்ட பிரதி எதுவும் இருக்கவில்லை. அக்காலத்துக் கடிதங்கள் இழக்கப்பட்டன. பயன்பாட்டிலிருந்த மென்பொருளோ 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கும் வேலை நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களாலே தாமதமாயிற்று எனக் கூறப்பட்டது. தாக்குதலுக்குப் பின்னரே நாள்தோறும் தொடர்பறுத்த பிரதி எடுக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஒரு நாட்டின் அமைச்சரவையே மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதங்களுக்குப் பிரதியின்றி இருந்திருக்கக்கூடுமாயின், வெள்ளவத்தை அறையிலே இருக்கும் மாணவியை மட்டும் அவதானமற்றவள் என்பது எங்ஙனம்?

இது வறிய நாட்டின் குறை என்று கூறித் தப்பவும் இயலாது. மென்பொருள் ஆக்குவோர் உலகெங்குமிருந்து பயன்படுத்தும் கிட்லாப் என்னும் நிறுவனத்திலே, 2017 ஜனவரி 31 அன்று பொறியியலாளர் ஒருவர் களைப்பு மிகுந்த இரவு வேளையிலே, தவறான கணனியிலே அழிக்கும் கட்டளையை இட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைற் தரவுத்தளத்திலே நான்கரை ஜிகாபைற் அளவே எஞ்சிற்று. ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் அந்நிறுவனத்திலே இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை என்பதை அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. காப்பு தவறிவிட்டது என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் சென்றடையவில்லை. இறுதியிலே காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன்னர் ஒருவர் வேறொரு தேவைக்காகக் கைப்பட எடுத்திருந்த கணநிலைப் பதிவு. அது தற்செயலாக இருந்திராவிடின், நாள்தோறும் ஒருமுறை தானாக எடுக்கப்படும் பதிவே கதியாகி, இழப்பு மேலும் பெருகியிருக்கும்.

இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களைப் புகட்டுகின்றது. நிபுணரும் மறப்பர், நிபுணரும் களைப்பர் என்பது ஒன்று. தானியங்கும் ஏற்பாடும் சத்தமின்றிச் செத்துக் கிடக்கக்கூடும் என்பது மற்றொன்று. எனவே பதிவு எடுத்தலைத் தானியக்கமாக்குவதோடு கடமை தீர்ந்துவிடாது. எடுத்த பதிவிலிருந்து கோப்பொன்றை மீட்டுப் பார்க்கும் சோதனையும் காலந்தோறும் நடைபெறுதல் வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்பு, எரித்துப் பார்க்காத விளக்குக்குச் சமம்.

இனி எதிர்வாதங்களை எடுத்து நோக்குவோம். இயந்திரமே எல்லாவற்றையும் காத்தால் மனிதன் சோம்பேறியாவான் என்பது முதலாவது. இது அறிவுரை போலத் தோன்றினும் அடிப்படையில் வெறும் தண்டனை ஆசையே. மின்னோட்டம் மிகுந்தால் தானே அறுந்து வீட்டைக் காக்கும் பியூஸ் கம்பி மனிதனைச் சோம்பேறியாக்கிற்று என எவரும் கூறுவதில்லை. ஆய்வு மாணவரின் கவனம் ஆய்வுப் பொருளின் மீது செல்லவேண்டியது. அக்கவனத்திலே ஒரு பகுதியை நாள்தோறும் பிரதி எடுத்தலுக்குப் பிடுங்கிக்கொள்வது கல்விக்குச் செய்யும் உதவியன்று.

வன்தட்டிலே இடம் போதாது என்பது இரண்டாவது. பதிவு எடுத்த கணத்திலே இடம் கொள்வதில்லை என்பது முன்னரே காட்டப்பட்டது. மாணவரின் ஆய்வேடு எழுத்தாலானது. ஓராண்டு முழுவதும் எழுதினாலும் அது பிடிக்கும் இடம் ஒரு திரைப்படத்தின் நூற்றிலொரு பங்குக்கும் வராது. இடத்தை விழுங்குபவை பழைய பதிவுகளைக் கழிக்காது விடுதலும், திரைப்படங்களையும் பதிவிலே சேர்த்தலுமே. இரண்டும் விதிகளாலே தடுக்கத்தக்கவை.

இணையக் களஞ்சியத்திலே கோப்புகளை வைத்துவிட்டால் வேறு காப்பு வேண்டாம் என்பது மூன்றாவது. நாள்தோறும் டேட்டா பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் மாணவருக்கு, மணிக்கணக்கான ஒலிப்பதிவுகளை மேலேற்றுதல் இலகுவானதன்று. அதற்கு மேலாக, இணைத்து ஒத்திசையும் களஞ்சியம் நல்லதையும் தீயதையும் ஒருங்கே ஒத்திசைக்கும். கணனியிலே கோப்பு அழிந்தால் களஞ்சியத்திலும் அழிகின்றது. பழைய வடிவங்களைச் சில நாட்களுக்குப் பேணிவைக்கும் களஞ்சியங்கள் உண்டு. அத்தவணை கழிந்தபின் அவையும் உதவா.

நான்காவது வாதம் வலியுடையது. அதனை மறுக்கவேண்டியதில்லை, ஏற்கவே வேண்டும். கணநிலைப் பதிவு, கோப்பு இருக்கும் அதே வன்தட்டிலேயே இருக்கின்றது. வன்தட்டுப் பழுதானால், கணனி களவுபோனால், இரண்டும் சேர்ந்தே போகும். 2016 மே மாதத்திலும், டித்வா புயலையடுத்து 2025 நவம்பர் இறுதியிலும் களனி கங்கை பெருக்கெடுத்தபோது, கொலன்னாவை, வெல்லம்பிட்டி முதலிய தாழ்நிலங்களிலே வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளம் மேசையிலிருக்கும் கணனியையும் பக்கத்திலிருக்கும் பென்ட்றைவையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கப்பம் கோரும் மென்பொருளும் அவ்வாறே. 2017 மே மாதத்திலே உலகை அலைக்கழித்த வன்னாகிறை, கோப்புகளைப் பூட்டியதோடு விண்டோஸ் வைத்திருந்த பழைய நிலைப் பதிவுகளையும் அழிக்கக் கட்டளையிட்டது. ஆகவே கணநிலைப் பதிவு முதல் மதில். அதற்கு அப்பால், வேறிடத்திலே, தொடர்பறுந்த ஒரு பிரதி இரண்டாம் மதிலாக வேண்டும். இரண்டாம் மதில் வேண்டும் என்பது முதல் மதிலைக் கட்டாதிருப்பதற்கு நியாயமாகாது. கைதவறி அழித்தல், அரைகுறைப் புதுப்பிப்பு, பிழையாகத் திருத்திச் சேமித்தல் ஆகிய அன்றாட விபத்துகளை முதல் மதிலே தடுத்துவிடும்.

ஒரே இடத்திலே ஒரே பிரதி இருப்பதன் விலை யாது என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அது மறதியால் நேர்ந்ததன்று, கொடுமையால் நேர்ந்தது. எந்தக் கணனி நுட்பமும் அத்தீயைத் தடுத்திராது. எனினும் வேறோரிடத்திலே பிரதி இருந்த நூல் மீண்டது, இல்லாத சுவடி மீளவில்லை என்பதே அதன்பின் எஞ்சிய கணக்கு. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துப் பலரும் பெறுமாறு வைத்திருப்பது இப்படிப்பினையின் பயனெனலாம்.

இன்னும் பின்னோக்கிச் செல்லின், ஓலைச்சுவடியின் கதையும் இதனையே கூறுகின்றது. ஓலையைச் செல்லரிக்கும், காலம் அதனை நொறுக்கும். ஆயினும் சில நூல்கள் பல நூற்றாண்டு கடந்து வந்தன. எவ்வாறெனின், மடங்களிலும் புலவர் குடும்பங்களிலும் ஏடு பெயர்த்தெழுதுதல் வழிவழி வந்த கடமையாக இருந்தமையாலேயாம். ஒருவர் நினைத்தால் எழுதுவது, மறந்தால் விடுவது என்றிருந்த இடங்களிலே நூல்கள் மடிந்தன. குறுந்தொகைக்குப் பேராசிரியர் எழுதியதாக அறியப்படும் உரை இன்று இல்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 ஆம் ஆண்டிலும் கலித்தொகையை 1887 ஆம் ஆண்டிலும் அச்சேற்றினார். பல இடங்களிலிருந்து சுவடிகளைத் தேடிப் பெற்றே அவர் அதனைச் செய்தார். அவர் கைக்கு அவை எட்டியது, பெயரறியாத பலர் தத்தம் காலத்திலே பெயர்த்தெழுதும் வழக்கத்தைக் கைவிடாது பேணியதனாலாகும். வழக்கமே நூலைக் காத்தது. கணனி தொடங்குந்தோறும் எடுக்கப்படும் பதிவு, அவ்வழக்கத்தின் இக்கால வடிவமேயன்றிப் பிறிதன்று.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. பல்கலைக்கழகங்களின் கணனிக்கூடங்களிலே மாணவர் கோப்புகள் வைக்கப்படும் கணனிகள் யாவற்றிலும், தொடங்கும்போது பதிவு எடுக்கும் ஏற்பாடு செய்யப்படல் வேண்டும். அவ்வேற்பாடு சொந்தக் கோப்புகளையும் உள்ளடக்குதல் வேண்டும். காலி வீதியிலே மடிக்கணனி விற்போர், திரைக்கு ஒட்டுத்தாளும் தோளுக்குப் பையும் இலவசமாகக் கொடுப்பதற்கு முன்னர், மீட்பு வசதியை இயக்கிக் கொடுத்தல் வேண்டும். அதற்குச் சில நிமிடங்களே தேவைப்படும். திருத்துவோர், எல்லாவற்றையும் அழிப்பதற்கு முன்னர், வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணனியிலே பூட்டிக் கோப்புகளைப் பெயர்த்தெடுக்க இயலுமா என்று பார்த்தல் தொழில் அறமாகும். எழாத கணனியிலும் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன என்பது அவர்கள் அறியாததன்று. ஆய்வேடு எழுதுமாறு பணிக்கும் துறைகள், மேற்கோள் காட்டும் முறையைக் கற்பிக்கும் அதே வகுப்பிலே இதனையும் கற்பித்தல் வேண்டும்.

தமிழ்ச் சங்கங்களும் இவ்வினாவிலிருந்து தப்ப இயலாது. ஆண்டுதோறும் சங்கங்கள் மலர் வெளியிடுகின்றன. அச்சான பிரதிகள் சில ஆண்டுகளில் அருகிவிடுகின்றன. அம்மலரின் கணனிக் கோப்பு எங்கே உள்ளது என வினவினால், பதவிக்காலம் முடிந்து வெளியேறிய இதழாசிரியரின் மடிக்கணனியிலே என்பதே பல சங்கங்களின் விடையாக இருக்கும். அம்மடிக்கணனி இப்பொழுது எங்கே என்பதற்கு விடையே இராது. மொழியைக் காப்போம் என மேடையிலே முழங்கும் சங்கம், தன் சென்ற ஆண்டு மலரைக் காக்க வழியறியாதிருப்பின், அம்முழக்கத்துக்குப் பொருள் யாது? சங்கத்தின் கோப்புகளுக்கென ஒரு கணனி; அக்கணனி தொடங்குந்தோறும் ஒரு பதிவு; தவணை முடிவிலே நூலகத்திடம் ஒப்படைக்கும் ஒரு பிரதி; புதிய செயற்குழு பொறுப்பேற்கும் நாளிலே அப்பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்க்கும் சோதனை. இவற்றுக்கு நிதி சேர்க்க வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தீர்மானமே போதும்.

மறத்தல் மனித இயல்பு. அதனைக் குற்றமாக்கித் தண்டிப்பதாலே அழிந்த ஒரு வரியும் மீண்டதில்லை. மறவாத கருவியொன்றை மனிதன் ஆக்கிவிட்டான். அக்கருவியையும் மறந்தவனைப் போலவே இருக்கப் பணிப்பதுதான் மன்னிக்கத்தகாத மறதி. அடுத்த முறை ஒரு மாணவி தன் ஆய்வேடு அழிந்தது எனக் கூறி நிற்கும்போது, "நீ ஏன் பிரதி எடுக்கவில்லை?" என்று வினவுமுன், "இக்கணனி ஏன் தானே எடுக்கவில்லை? அதனை அவ்வாறு விட்டுவைத்தவர் யார்?" என்று வினவும் துணிவு நம்மவர்க்கு வேண்டும்.